பாலாற்று நூல்: குறிப்புகள் குவிகின்றன, எழுத்து நகரவில்லை

குடியாத்தம் வாசகன்:
பாலாற்றைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறேன். நந்திமலை தொடங்கி வயலூரில் கடலில் கலக்கும் வரை. ஆற்றுநீர் பற்றிய 1892 சென்னை–மைசூர் ஒப்பந்தம், 1903 வாணியம்பாடி வெள்ளம், தோல் பதனிடும் தொழில், ஆற்று மணலுக்கடியில் ஊறும் நீரைக் கொண்டுபோன ஊற்றுக்கால்வாய்கள் என்று நோட்டுகள் நிரம்பிவிட்டன. ஆனால் முதல் அத்தியாயத்தையே அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தை மாதத்துக்குள் அச்சுக்குத் தர வேண்டும். இன்னொரு தொல்லை: பழைய கணினியில் தட்டச்சு செய்தவை புதியதில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன.

ஆம்பூர்க்காரர்:
கோப்பு கெடவில்லை, ஐயா. யூனிகோடு பரவுவதற்கு முன் பல எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருந்தன. கோப்பை வேர்டில் திறந்து, எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். அதற்குரிய எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டால் யூனிகோடாகிவிடும். மூலக் கோப்பின் நகலைப் பத்திரமாக வையுங்கள். முதலில் ஒரு பக்கம் மட்டும் மாற்றி, கொ, கோ, கௌ வரிசையையும் கிரந்த எழுத்துகளையும் சரிபாருங்கள்.

வாலாஜா:
நீங்கள் எழுதுவது ஒரு நூலல்ல, நான்கு. அதனால்தான் நகரவில்லை. ஒரே கேள்வியைப் பிடியுங்கள்: மணலுக்கடியில் ஊறிய நீர் எங்கே போயிற்று? அதற்குப் பதில் சொல்லாத குறிப்பு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வெளியே. முதல் அத்தியாயத்தை மூடிவையுங்கள், அதைக் கடைசியில் எழுதலாம். எந்தப் பகுதிக்குத் தரவு முழுமையாக இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். நடுவில் ஓர் ஆண்டோ பெயரோ தெரியாவிட்டால் எழுந்து தேடப் போகாதீர்கள், ## என்று போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். பிறகு எல்லா ## குறிகளையும் பட்டியலாக்கி, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரே பயணமாகப் போகலாம். தட்டச்சு தாமதமானால் கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சு இருக்கிறது. நிறுத்தக்குறிகளைப் பின்னர் போட்டுக்கொள்ளலாம்.

குடியாத்தம் வாசகன்:
வெள்ளத்தை விட மனம் வரவில்லையே!

வாலாஜா:
விட வேண்டாம். இரண்டு பக்கம் கொடுங்கள். இருபது பக்கம் கேட்டால்தான் சண்டை.

இராணிப்பேட்டை வழக்கறிஞர்:
தோல் பகுதிக்குச் செய்தித்தாள் நறுக்குகளை மட்டும் நம்பாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையே படியுங்கள். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் விதித்த 10,000 ரூபாய் அபராதம் வேறு, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு வேறு. இரண்டையும் குழப்புபவர்கள் பலர்.

ஆற்காட்டு அக்கா:
வேகம் எல்லாவற்றுக்கும் சரிவராது, தம்பி. காப்பகத்தில் உள்ள காகிதம் அடுத்த ஆண்டும் இருக்கும். கிணறு கெட்டதை நேரில் பார்த்த முதியவர்கள் இருப்பார்களா? முதலில் அவர்களிடம் போய், அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்யுங்கள். அதற்காகத் தை தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

குடியாத்தம் வாசகன்:
அப்படியே செய்கிறேன், அக்கா. எழுத்துருவும் சரியாகிவிட்டது, 'ஸ்ரீ' மட்டும் உடைகிறது.

ஆம்பூர்க்காரர்:
உடைந்த வடிவத்தை நகலெடுத்து, 'தேடி மாற்று' கட்டளையில் ஒட்டி, சரியான 'ஸ்ரீ'யால் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.