சாயங்காலமானால் அம்மா பையை எடுத்துவிடுகிறார்

திருச்சி மகள்:
அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதிநோய், நாலு வருடம். இந்தக் குழுவில் எல்லார் வீட்டிலும் இதுதான், மருந்து, டாக்டர் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். வெயில் தாழ்ந்ததும் மஞ்சப்பையோடு கிளம்பிவிடுவார். போன செவ்வாய்க்கிழமை அதற்குள் இரண்டு துண்டு, ஒரு ஸ்பூன், பாதி பிஸ்கட். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, வீட்ல புள்ள தனியா இருக்கா, இருட்டினா பயந்துக்குவா" என்று அழுதார். அந்தப் பிள்ளை நான்தான். "நான்தாம்மா அது" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

நாகர்கோவில் மருமகள்:
எனக்கு மாமியார். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயாது, "எனக்கு இன்னும் சோறு தரல்ல மக்கா" என்பார். வந்திருந்த நாத்தனார் அதைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் இட்லி பார்சல் வாங்கிவந்து என் கண்முன்னே ஊட்டினார். மாமி சாப்பிட்ட தட்டு அப்போதும் தொட்டியில்தான் கிடந்தது. மூன்று வருடமாக நான் அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. அது யார் கண்ணிலும் படவில்லை.

கோவை மகன்:
திருச்சி சகோதரி, "நான்தாம்மா" என்று நிரூபிக்கப் போயிருக்கக் கூடாது. இந்த நோயில் புது ஞாபகங்கள்தான் முதலில் போகும், பழையது வெகுநாள் நிற்கும். அவர் இருக்கிற வருடத்தில் உங்களுக்கு ஐந்து வயது. வாதாடினால் பயம்தான் கூடும். "சரி, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். பையில் போன் நம்பர் எழுதி வையுங்கள். எங்கள் அப்பா உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்தது சட்டைப்பையில் இருந்த சீட்டால்தான். அப்புறம், யார் வீட்டிலாவது மறதி இப்போதுதான் ஆரம்பித்திருந்தால், வயசு என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள், அந்தக் குறையால் வரும் மறதிக்கு வைத்தியம் உண்டு. முதியோர் உதவி எண் 14567. 1992இல் கேரளாவில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற மறதிநோய்க்கான அமைப்பு, பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் வழி சொல்கிறது.

நாகர்கோவில் மருமகள்:
எல்லாம் சரி அண்ணா. விளக்குப் போட, காபி போட, கேட்டைப் பூட்ட ஒரே ஆள்தான் என்றால்? உங்கள் வீட்டில் அப்பாவை யார் பார்த்துக்கொண்டது, நீங்களா, உங்கள் மனைவியா?

கோவை மகன்:
மனைவிதான்.

திருச்சி மகள்:
நேற்று காபி சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்து குடித்தார், பையை மடியில் வைத்துக்கொண்டே. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: "உங்களுக்கும் பொம்பளப் புள்ளதானா?"