சரக்கு ஏற்றும்போது நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

விமானத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் இருக்கிறேன். வெளியே இருப்பவர்கள் மொத்த எடை எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கு அதைவிட முக்கியம், எந்த இடத்தில் வைத்தோம், வைத்தது அங்கேயே நிற்குமா என்பதுதான்.

ஒருநாள் ராத்திரி ஒரு மரப்பெட்டி வந்தது. சீட்டில் 320 கிலோ என்று போட்டிருந்தது. சரக்கை விமானத்துக்குள் ஏற்றும் ஓடுபட்டை வண்டியான பெல்ட் லோடரில் ஏற்றியதுமே மோட்டார் முனகத் தொடங்கியது, பெட்டி பாதியில் நின்றுவிட்டது. கூட வேலை பார்த்த பெரியவர், "இறக்குங்கப்பா, எடை போட்டுப் பார்ப்போம்" என்றார். புறப்பட நேரம் நெருங்கிவிட்டது, மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். பெரியவர் அசைந்து கொடுக்கவில்லை. தராசில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது! பெட்டியின் அடிப்பாகமும் சின்னது. இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு எடைதான் என்று சரக்கறைத் தரைக்கு ஒரு வரம்பு உண்டு. கனமான பொருளுக்கு அடியில் பலகை போட்டு எடையைப் பரப்பித்தான் வைக்க வேண்டும். பெட்டி அன்று போகவில்லை. அந்த மனுஷரை நான் இன்றும் மதிக்கிறேன்.

மறுமொழி

அண்ணா, விமானத்தில் எந்த இடத்தில் எவ்வளவு எடை என்று கணக்குப் போடும் தாளான லோடுஷீட்டை நான் தயாரிக்கிறேன். சீட்டில் இருக்கும் எண்ணை நம்பித்தான் என் கணக்கே நடக்கிறது. எடை பின்பக்கம் கூடிப்போனால் மூக்கு தானாக மேலே தூக்கும், விமானி எவ்வளவு அழுத்தினாலும் இறங்காமல் போகலாம். முன்பக்கம் கூடினால் ஓடுபாதையில் மூக்கு எழும்பவே சிரமப்படும்.

2003 ஜனவரியில் அமெரிக்காவின் சார்லட்டில் ஒரு சிறிய பயணிகள் விமானம் கிளம்பிய உடனேயே விழுந்து 21 பேர் இறந்தார்கள். காகிதத்தில் எடை சரியாக இருந்தது. ஆனால் பயணிகளுக்குப் போட்ட சராசரி எடை பழையது, நிஜத்தில் வரம்பு மீறியிருந்தது, பாரமும் பின்னால் சாய்ந்திருந்தது. மூக்கை இறக்கும் கட்டுப்பாட்டைப் பராமரிப்பில் தவறாகப் பொருத்தியிருந்ததும் சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் அந்தச் சராசரியை உயர்த்தினார்கள். பாதி காலியான விமானத்தில் இடம் மாறி உட்காராதீர்கள் என்று சொன்னால் பயணிகள் கோபப்படுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

மறுமொழி

சரக்கு விமானம் ஓட்டுகிறேன். 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பக்ராம். ஒரு 747 விமானத்தில் ஐந்து கவச வாகனங்கள். மேலே ஏறும்போது குறைந்தது ஒன்றாவது கட்டறுந்து பின்னோக்கி நகர்ந்து, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்புகளையும் வால் இறக்கையை அசைக்கும் பொறியையும் உடைத்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். வாகனங்களைக் கட்டிய முறையே போதாது என்று விசாரணையில் தெரிந்தது.

அதனால் கதவு மூடும் முன் நானே உள்ளே போய்ப் பார்ப்பேன். சரக்கை அடுக்கும் பலகையான பேலட்டைத் தரையோடு பிடிக்கும் பூட்டு ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கிறதா என்று காலால் தட்டிப் பார்ப்பேன், வலையை இழுத்துப் பார்ப்பேன். ஒரு பூட்டு பழுதென்றால் அந்த இடத்தில் எவ்வளவு எடை குறைக்க வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. அதைக் குறைக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.