கூப்பிட்டா வராத நாய்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பீச்வாசி:
ஞாயிறு காலை 6 மணி, எலியட்ஸ் பீச். ஷ்மிட் நினைவகம் பக்கத்துல எங்க சிப்பிப்பாறை நாய் மணியோட செயினைக் கழட்டி விட்டேன். மொட்டை மாடில கூப்பிட்டா அம்பு மாதிரி வருவான், அந்த தைரியம். தெருநாய் ஒண்ணு ஓடிச்சு, பின்னாடியே பறந்துட்டான். "மணி! மணி! மணி!"ன்னு கத்துறேன். நின்னு திரும்பிப் பார்த்தான். ஒரு காது என் பக்கம் மடங்கிச்சு. அப்புறம் ரோட்டைப் பார்க்க ஓட்டம். பால் வண்டிக்காரர் பிரேக் போட்டதால தப்பிச்சான். காதுல விழுந்தும் வரலையே, அதான் ஆறலை.

கொளத்தூர் அக்கா:
தப்பு உங்க மேல தம்பி. முயல் துரத்துறதுக்குன்னே வளர்த்த ஜாதி அது. கண்ணு முன்னாடி ஒண்ணு ஓடினா காது வேலை செய்யாது. மாடி வேற, பீச் வேற.

எங்க லேப்ரடார் நாயைக் குளிப்பாட்ட "வா", மாத்திரை போட "வா", நகம் வெட்டவும் "வா". ஒருநாள் "வா"ன்னதும் கட்டிலுக்கடில போய்ப் படுத்துடுச்சு. அந்த வார்த்தையையே தலைமுழுகிட்டு விசில் வாங்கினேன்.

நீங்களும் புதுசா ஒரு சொல் வெச்சுக்கோங்க. பாரிமுனைல கயிறு வாங்குங்க, 30 அடி. நைலான் வேண்டாம், கையை அறுத்துடும். ஒரே தடவைதான் கூப்பிடணும், வரலைன்னா கயிறு இருக்கு. வந்ததும் வேகவெச்ச ஈரல் ஒரு துண்டு. கழுத்துப் பட்டையைப் பிடிங்க, உடனே விட்டு மறுபடி விளையாட அனுப்புங்க. வீட்டுக்குக் கிளம்புறப்ப மட்டும் கூப்பிட்டா எந்த நாய் வரும்? முதல்ல வீட்டுக்குள்ள, அப்புறம் தெரு, பீச் கடைசில. சாப்பாடு போட்டுட்டுப் பழக்காதீங்க, பசி இருக்கணும். மூணு மாசமாவது ஆகும்.

பெரம்பூர் பாபு:
ஈரலா? எங்க வீடு சைவம்க்கா, பன்னீருக்கே நல்லா வருது. எங்க நாட்டு நாய் லட்சுமி வெடிச் சத்தத்துல கேட்டைத் தாண்டிடுச்சு. துரத்தத் துரத்த விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் ஓடுது. மூச்சு வாங்கி நடுத்தெருவுலயே உட்கார்ந்துட்டேன். அதுவா வந்து முகத்தை நக்குது!

பீச்வாசி:
அக்கா, ஒண்ணை எழுதாம விட்டுட்டேன். அன்னிக்கு அவனாதான் திரும்பி வந்தான். பதட்டத்துல முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சேன். இன்னிக்கு மாடில கூப்பிட்டேன். வந்தான், ஆனா ரெண்டடி தள்ளியே நின்னுட்டான்.