கன்வர்ஜென்ஸ்: முக்கூடலா, படிமானமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மூன்று நிறப் படங்களும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவதைக் குறிக்கும் ‘கன்வர்ஜென்ஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று நம் குழுவில் மூன்று நாளாக நடக்கும் சண்டையை நான் ஓரமாக நின்று பார்த்ததற்குச் சோம்பல் காரணமல்ல. அந்தக் கன்வர்ஜென்ஸே கெட்டுப்போன பெட்டி ஒன்று என் வீட்டுக் கூடத்தில் முதுகு திறந்து கிடந்தது. மைத்துனர் துபாயிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த, பின்னாலிருந்து திரையில் படம் வீசும் பழைய 43 அங்குலத் தொலைக்காட்சி. ஆனித் தேரோட்டத்தை அதில் பார்த்தபோது சுவாமி தேருக்கு இடப்பக்கம் ஒரு சிவப்புத் தேர், வலப்பக்கம் ஒரு நீலத் தேர். நெல்லையப்பர் கோயிலுக்கு ஐந்து தேர்தான். எங்கள் வீட்டில் பதினைந்து ஓடின.

உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னப் படக்குழாய்கள். ஒவ்வொன்றும் தன் நிறத்தில் முழுப் படத்தையும் வரைந்து, லென்ஸ் வழியாகக் கண்ணாடியில் அடித்து, திரையின் பின்புறம் விழச் செய்கிறது. நடுவிலிருக்கும் குழாய் மட்டுமே நேராகப் பார்க்கிறது. மற்ற இரண்டும் சாய்ந்து நிற்பதால் அவற்றின் படம் ஒரு பக்கம் பெருத்துக் கோணலாக விழும். அதை இழுத்து நிமிர்த்தக் குழாய்களின் கழுத்தில் தனிச் சுருள்கள். சுருள்களுக்கு மின்னோட்டம் தர இரண்டு தடித்த ஐசிகள் (மின்சுற்றுச் சில்லுகள்). ஒன்றுக்கு மூன்று பெருக்கிகள் (ஆம்ப்ளிஃபையர்) வீதம் ஆறு. மூன்று நிறத்துக்கும் கிடைக்கு ஒன்று, நெடுக்குக்கு ஒன்று. பெட்டி ஓடும் நேரமெல்லாம் அவை சூட்டில் வேகின்றன. ஒரு பெருக்கி செத்தாலும் போதும், அதற்குரிய நிறம் வில்லாக வளைந்துவிடும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘ஒருங்குவிப்பு’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. ‘குவி’ என்ற வேரை ஒளியியலில் ஃபோகஸுக்குக் கொடுத்து வெகுகாலமாகிவிட்டது. குவியம், குவிலென்ஸ் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டன. இந்தப் பெட்டியிலோ ஃபோகஸ் திருகு தனியாக இருக்கிறது. ஃபோகஸ் கெட்டால் ஒரு நிறத்தின் கோடே தடித்து மங்கும். கன்வர்ஜென்ஸ் கெட்டால் மூன்று கோடும் ஊசிபோல் கூராக இருக்கும், ஆனால் மூன்று இடத்தில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் ‘குவிப்பைத் திருத்து’ என்றால் நான் எதைத் தொடுவது? கைக்கு எட்டும் தூரத்தில் முப்பதாயிரம் வோல்ட் ஓடுகிறது ஐயா, சொல்லில் குழப்பம் வேண்டாம்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்ன ‘முக்கூடல்’ அழகு. தாமிரபரணி, சிற்றாறு, கயத்தாறு மூன்றும் சேருமிடத்தின் பெயரை மூன்று நிறத்துக்குச் சூட்ட நம் ஊர்க்காரருக்குத்தான் தோன்றும். படித்ததும் கைதட்டினேன். ஆனால் ஆறுகள் கூடினால் கலந்து ஒரே ஆறாக ஓடுகின்றன. இங்கே மூன்று படமும் முழுப் படமாகவே நின்று, விளிம்போடு விளிம்பு சரியாக அமர வேண்டும். அதோடு ‘முக்கூடல் பிசகிவிட்டது’ என்று நான் சொன்னால் வீட்டில் முக்கூடல் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டேன் என்றே நினைப்பார்கள்.

நான் வைக்கும் சொல் ‘படிமானம்’. என் கண்டுபிடிப்பல்ல. மழைக்கு உப்பிய கொல்லைக் கதவை இழைத்துக்கொண்டிருந்த ஆசாரி, கூடத்தில் நான் தொலைக்காட்சியோடு மல்லுக்கட்டுவதை எட்டிப் பார்த்துவிட்டு, “பச்சை மேல் சிவப்பு படியவில்லையே” என்றார். கதவு நிலையில் படிகிறது, முடி தலையில் படிகிறது. ஒன்றன்மேல் ஒன்று இடைவெளி தெரியாமல் அமர்வதற்கு நம்மிடம் வினை ஏற்கெனவே இருக்கிறது. வினை இருந்தால் குடும்பமே வந்துவிடும்: படியவை, படியாமை, படிமானப் பிசகு, நிறப்படிமானம். ஒருங்குவிப்பிலிருந்து இப்படிப் பிறக்குமா, சொல்லிப் பாருங்கள்.

படிவு என்றால் வண்டல், படிமம் என்றால் உருவம், குழம்பாதா என்று ஒருவர் கேட்பார். குழம்பாது. கணக்கில் ஓர் எண்தொடர் ஒரே மதிப்பை நெருங்கிச் செல்வதையும் கன்வர்ஜென்ஸ் என்பார்கள்; அதற்கு ‘ஒருங்கல்’ இருக்கட்டும். அதை நான் தொடவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ஒரே தமிழ்ச்சொல் என்ற பிடிவாதம் எதற்கு? 1934இல் திருநெல்வேலியில் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கமும் தன் கலைச்சொற்களைத் துறைவாரியாகப் பிரித்தே வெளியிட்டது.

பெட்டி என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு: இரண்டு ஐசிகளையும் மாற்றினேன். முதலில் வாங்கிய ஜோடி போலி, ஒரு மணி நேரம் தாங்கவில்லை. ஐசி மட்டும் போனதென்று நினைத்துப் பக்கத்திலிருக்கும் சிறிய ரெசிஸ்டர்களைச் சோதிக்காமல் விடாதீர்கள். எனக்கு இரண்டு எரிந்திருந்தன. சூட்டைக் கடத்தும் பழைய பசையைச் சுரண்டி, ஐசியின் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்கில் புதுப்பசை தடவி முடுக்கி, கட்டக் கோடுகளைத் திரையில் வரவழைத்து, பச்சையை அசைக்காமல் சிவப்பையும் பிறகு நீலத்தையும் அதன்மேல் படியவைத்தேன். மூலைகளுக்கு மட்டும் ஒரு மாலைப்பொழுது போனது.

நீலம் இன்னும் மங்கல்தான். குழாயின் முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த நீர்மம் ஒன்று அடைத்திருக்கிறது, அது கலங்கிவிட்டது. குழாயின் சூட்டைத் தணிப்பதும் ஒளியைச் சிதறாமல் லென்ஸுக்குக் கடத்துவதும் அதுவே. ‘குளிர்நீர்மம்’ என்றால் பாதி வேலைதான் சொல்லில் வருகிறது. மீதிப் பாதிக்கு யாராவது வழி சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றப் போகிறேன்.