தாம்சனின் காற்றுச் சக்கரம்: 1845-இல் வந்தது, 1888 வரை ஏன் எடுபடவில்லை?

(புனைபெயர்களில் ஐவர் நடத்தும் விவாதம். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரின் பெயர்.)

ஆரக்கால்

காற்று டயர் என்றால் டன்லப், 1888, பெல்ஃபாஸ்ட் என்று வினாடி வினாவில் சொல்லி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவனில் பிறந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845 டிசம்பர் 10 அன்றே, 23 வயதில், இதற்குப் பிரிட்டிஷ் காப்புரிமை எடுத்துவிட்டார். எண் 10990.

அமைப்பு இதுதான். ரப்பர் கரைசலில் ஊறிய கேன்வாஸை அடுக்கடுக்காக ஒட்டி, கந்தகத்தோடு வேகவைத்து எடுத்த குழாய் உள்ளே. வெளியே தோல் உறை: துண்டுகளை ரிவிட் அடித்துச் சேர்த்து, வட்டையோடு (சக்கரத்தின் வெளிவளையம்) போல்ட் போட்டு இறுக்கியது. வட்டையைத் துளைத்து வரும் சிறு குழாய் வழியே பம்பு அடித்து, வாயைத் திருகு மூடியால் அடைக்க வேண்டும். 1847-இல் லண்டன் ரீஜென்ட் பார்க்கில் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டிக் காட்டினார். ஒரு செட் 1,200 மைல் ஓடியும் தேய்மானம் தெரியவில்லை என்று அன்றைய பதிவு.

இழுவிசை அளவுகளைப் பாருங்கள். சரளைக்கல்லை இறுக்கிப் போட்ட கெட்டியான மெக்காடம் சாலையில் இரும்புப் பட்டைச் சக்கரத்துக்கு 45 பவுண்டு, காற்றுச் சக்கரத்துக்கு 28. புதிதாக உடைத்துக் கொட்டிய கருங்கல் மேல் 120 பவுண்டு, இதற்கு 38½. நல்ல சாலையில் ஏறக்குறைய 38 சதவீதம் மிச்சம், கெட்ட சாலையில் 68.

ஆக, பொருள் வேலை செய்தது. அதற்கேற்ற வண்டிதான் அன்று இல்லை. குதிரையின் பாரம் குறைந்ததை வண்டிக்காரர் உணர்வதில்லை, குதிரைக்கோ வாய் இல்லை. தொலைதூரப் பயணமும் முதலீடும் அந்த ஆண்டுகளில் ரயில் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. சைக்கிள் வந்தபோதுதான் பாரம் இழுப்பவரும் காசு கொடுப்பவரும் ஒரே ஆள் ஆனார்.

கமான்பட்டை

லண்டன் தெருவில் அன்று குதிரை வண்டிக்கா பஞ்சம்? ரயில் நிலையத்துக்குப் போகவே வண்டி வேண்டும். வாங்க ஆள் இல்லாததற்குக் காரணம் எளிது, வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. வண்டி செய்பவரான ஒபதையா எலியட் 1804-இல் நீள்வட்டக் கமான்பட்டைக்கு (எஃகு இலைகளை அடுக்கிய வில்) காப்புரிமை கேட்டார். அதற்கு முன் வண்டியின் உடல் தோல் வார்களில் தொங்கும், அடியில் ஒரு கனத்த நடுக்கட்டை ஓடும். இரண்டு பட்டைக் கட்டுகளை வில்லுக்கு வில் எதிரெதிராகப் பூட்டி அச்சின் மேலேயே உடலை ஏற்றியதும் அந்தக் கட்டையே தேவையில்லாமல் போனது. வண்டி தாழ்ந்தது, எடை குறைந்தது, பயணிக்குக் குலுக்கலும் போயிற்று. உடைந்தால் உள்ளூர்க் கொல்லரே ஓர் இலையை மாற்றிவிடுவார்.

உங்கள் இழுவிசைக் கணக்கிலும் ஒரு விஷயம். புதுச் சக்கரம், முழுக் காற்று, சமதளம். ஆறு மாதம் மழையில் நனைந்த தோல் உறையோடு அதே அளவு வருமா?

ஆரக்கால்

நனைந்த தோல் பற்றிய கேள்வி நியாயம். ஆனால் கமான்பட்டையும் டயரும் ஒரே வேலையைச் செய்வதாகச் சொல்வது தவறு. பட்டை இருப்பது அச்சுக்கு மேலே. சக்கரம், அதன் நடுவே உள்ள குடம், அச்சு எல்லாம் அதற்குக் கீழே, மெத்தை இல்லாமல். இரண்டு சென்டிமீட்டர் கல் மேல் ஏறினால் அந்தக் கனம் முழுவதும் இரண்டு சென்டிமீட்டர் எழும்பித்தான் ஆக வேண்டும். எழும்பும்போது முன்னோக்கிய வேகத்தைத் தின்னும், விழும்போது தின்றதைத் திருப்பித் தராமல் தரையில் அடித்துச் சத்தமாகவும் சூடாகவும் வீணாக்கும். காற்று டயர் அந்தக் கல்லை உள்ளே வாங்கிக்கொள்வதால் அச்சு பாதிகூட எழும்பாது. 120 பவுண்டு 38½ ஆனது இதனால்தான். உங்கள் பட்டையை எவ்வளவு மென்மையாக்கினாலும் இந்த மிச்சம் வராது, பயணியின் முதுகு மட்டும் தப்பிக்கும்.

ரப்பர்பால்

இருவரும் வண்டியையே பார்க்கிறீர்கள், பொருளைப் பாருங்கள். கந்தகமும் சூடும் ரப்பரைப் பதப்படுத்தும் என்று அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் கண்டது 1839. ரப்பர் தொழில் நடத்திய தாமஸ் ஹான்காக் இங்கிலாந்தில் காப்புரிமை கேட்டது 1843. தாம்சன் வந்தது 1845. இங்கிலாந்தில் பதப்படுத்திய ரப்பருக்கு அப்போது இரண்டு வயதுதான்! கந்தகம் குறைந்தால் பிசுபிசுப்பு, கூடினால் வெடிப்பு. வேகவைக்கும் நேரமும் சூடும் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கைப்பக்குவம்.

இதைவிடப் பெரிய ஓட்டை தோல் உறை. ஒரு கணக்குப் போடுவோம். சக்கரத்துக்கு 150 கிலோ பாரம், தரையில் படும் இடம் 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோ காற்று தேவை. குழாயின் ஆரம் 6 சென்டிமீட்டர் என்றால் உறையின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலமும் 9 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். நல்ல தோலுக்கு 9 கிலோ ஒன்றுமில்லை. ஆனால் 3 சென்டிமீட்டருக்கு ஒரு ரிவிட் அடித்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் 27 கிலோ. சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அந்த ஓட்டை நெளிந்து நிமிரும். ஈரத்தில் தோல் நீளும், ஓட்டை முட்டை வடிவமாகும், ரிவிட் தலை உள்ளே இருக்கும் கேன்வாஸை அரிக்கத் தொடங்கும். மணல் புகுந்தால் சொல்லவே வேண்டாம்.

டன்லப் பெல்ஃபாஸ்டில் இருந்தது இங்கே முக்கியம். லினன் (ஆளிநார்த் துணி) நெசவின் தலைநகரம் அது. முதல் சோதனையில் வட்டமான மரப்பலகையைச் சுற்றி மெல்லிய ரப்பர் தகட்டால் குழாய் செய்து, மேலே லினன் துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். முற்றத்தில் உருட்டிவிட்டபோது கெட்டி ரப்பர் சக்கரம் பாதியில் விழுந்தது, இது முற்றத்தின் மறுகோடி வரை போய் முட்டியது. அழுத்தத்தைத் துணி தாங்கும், காற்றை ரப்பர் அடைக்கும், தேய்மானத்துக்கு வெளியே தனி ரப்பர் என்று வேலையைப் பிரித்தது அந்தப் பட்டறைதான். 1845-இல் தோல் இந்தப் பொறுப்பில் பாதியைச் சுமந்தது, அதுதான் கோளாறு.

வால்டியூப்

ரப்பர்பால், கணக்கு சரி, முடிவு சரியில்லை. டன்லப் டயரும் முதலில் செய்த அதே கோலத்தில் இருந்திருந்தால் மூன்று ஆண்டில் மூடிவிட்டுப் போயிருப்பார்கள். 1889 மாடலை எப்படி மாட்டினார்கள் தெரியுமா? குழாயை ரிம் மேல் வைத்து, கேன்வாஸ் ஓரங்களை ஆரங்களுக்கு இடையே விட்டு ரிம்மைச் சுற்றிக் கட்டி, ரப்பர் கரைசல் பூசி ஒட்டி, அதற்கு மேல் தரைபடும் ரப்பரை ஒட்டினார்கள். பஞ்சர் ஆனால் மேல் ரப்பரை உரித்து, பசையைக் கரைப்பான் ஊற்றி இளக்கி, கட்டைப் பிரித்து, ஓட்டையைத் தேடி ஒட்டி, மறுபடி எல்லாவற்றையும் ஒட்டிக் காய வைக்க வேண்டும். பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானில் மிஷ்லான் (மிச்செலின்) பட்டறைக்கு அப்படி ஒரு சைக்கிள் வந்தபோது வேலை மூன்று மணி நேரம், காய ஓர் இரவு. மறுநாள் சில நூறு மீட்டரிலேயே காற்று போயிற்று.

காற்று டயரை நிலைக்கவைத்தவை மூன்று சின்னச் சாமான்கள். முதலாவது சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச், 1890 செப்டம்பர்: டயர் ஓரத்தில் நீளாத கம்பி, ரிம்மின் நடுவே பள்ளம். ஒரு பக்கத்துக் கம்பியைப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பக்கம் தளர்ந்து ரிம் விளிம்பைத் தாண்டும். இன்றும் சைக்கிள் கடையில் டயர் லிவர் போடும்போது நடப்பது அதுவேதான். அடுத்த மாதமே வில்லியம் எர்ஸ்கின் பார்ட்லெட்: டயர் ஓரம் கொக்கி போல, ரிம் விளிம்பு உள்ளே மடங்கியது, காற்றழுத்தமே கொக்கியைப் பூட்டும். இதில் காற்றைக் குறைத்து ஓட்டினால் கொக்கி நழுவி ட்யூபைக் கடித்துவிடும். மூன்றாவது 1891-இல் வுட்ஸ் வால்வு. டன்லப் கம்பெனி பிழைத்தது வெல்ச், பார்ட்லெட் காப்புரிமைகளை வாங்கிக்கொண்டதால். டன்லப்பின் சொந்தக் காப்புரிமை தாம்சன் முந்திவிட்டதால் 1890-இலேயே செல்லாது என்றாகிவிட்டது.

ஆகவே, பஞ்சரைச் சாலை ஓரத்தில் பார்க்க முடியுமா முடியாதா, இவ்வளவுதான் கேள்வி. தாம்சனுக்கு முடியாது. வரிசையாக போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும்.

ஆரக்கால்

வரிசை உதைக்கிறதே. 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜ் சைக்கிள் பந்தயத்தில் வில்லியம் ஹியூம் வென்றது அந்த ஒட்டுப்போட்ட டயரில்தான். அதே ஆண்டு நவம்பரில் டப்ளினில் கம்பெனி தொடங்கிவிட்டது. வெல்ச் அதற்குப் பத்து மாதம் பின்னால். தேவை முதலில் வந்தது, கம்பியும் கொக்கியும் அந்தத் தேவையின் பின்னால் வந்தன. 1847-இல் லட்சம் சைக்கிள்காரர்கள் பஞ்சரைப் பற்றிப் புலம்பியிருந்தால் அன்றைக்கே ஒரு வெல்ச் கிளம்பியிருப்பார்.

கமான்பட்டை

சைக்கிள்காரர்களும் காற்றுக்காகத் தவம் கிடக்கவில்லை. லின்லி அண்ட் பிக்ஸ் 1885-இல் விப்பெட் என்ற சைக்கிளை விட்டார்கள். இருக்கை, கைப்பிடி, பெடல் அச்சு மூன்றும் ஒரே விறைப்பான முக்கோணமாக, சுருள்வில்லில் தொங்கும். சக்கரம் எப்படிக் குதித்தாலும் ஓட்டுபவரின் கால் அளவு மாறாது. அருமையான யோசனை.

வில்லையே சக்கரத்துக்குள் வைத்தவர்களும் உண்டு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் முற்றுகையால் ரப்பர் கிடைக்காமல் ஜெர்மனியில் சைக்கிள்களும் லாரிகளும் ஓடியது இப்படித்தான்: உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவே சுருள்வில். பஞ்சர் என்ற பேச்சே கிடையாது.

ரப்பர்பால்

ஓடியது சரி, போர் முடிந்து ரப்பர் வந்த பிறகு ஏன் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை? 28 அங்குலச் சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 சுற்று. ஒவ்வொரு வில்லும் சுற்றுக்கு ஒரு முறை முழுப் பாரத்தில் அமுங்கி விரியும். 1,000 கிலோமீட்டரில் 4.5 லட்சம் முறை. அன்றைய கம்பியின் மேற்பரப்பில் ஒரு கீறல் இருந்தாலும் அங்கிருந்துதான் முறியும். ஒன்று முறிந்தால் பக்கத்து வில் அதன் பங்கையும் சுமந்து அடுத்து முறியும். வில்களுக்கு இடையே சேறு அடைத்துக் காய்ந்தால் மொத்தமும் மரக்கட்டை. திருப்பத்தில் பக்கவாட்டு இழுப்பு வந்தால் வெளி வளையம் சாய்ந்துகொள்ளும், அதைத் தடுக்கத் தகடு வைத்தால் எடையும் கடகடப்பும். காற்றுக்குச் சோர்வு கிடையாது ஐயா. சோர்வதெல்லாம் அதைப் பிடித்துவைத்திருக்கும் துணிதான். அதற்கும் 1890-களில் ஜான் ஃபுல்லர்டன் பால்மர் வழி சொன்னார்: பாவும் ஊடும் ஒன்றையொன்று அறுக்கும் நெசவை விட்டுவிட்டு, நூல்களை ஒரே திசையில் படுக்கவைத்து ரப்பரில் புதைத்து, அடுத்த அடுக்கைக் குறுக்கே போடுவது.

விப்பெட் போன வழியும் அதே. மூட்டுக்கு மூட்டு தேய்மானம், கூடுதல் எடை. காற்று டயர் வந்ததும் மறைந்துவிட்டது.

கடையாணி

எல்லோரும் தாம்சனை வைத்துச் சண்டை போடுகிறீர்கள், அவரே என்ன செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஜாவாவில் கரும்பாலை இயந்திர வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, 1867-இல் சாலை நீராவி வண்டி கட்டினார். அதில் காற்று டயர் இல்லை! சுமார் 5 அங்குலம் தடித்த கெட்டி ரப்பர் வளையம், அதற்கு வெளியே இரும்புத் தகடுகளைக் கோத்த சங்கிலி. ரப்பரை வட்டையோடு ஒட்டவும் இல்லை; தன் இறுக்கத்தாலேயே நிற்கும், பாரத்தில் மெல்ல நகரும். அதே வகை வண்டிகளை இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் செய்ய வைத்து, லெப்டினன்ட் கிராம்ப்டன் இந்தியாவுக்குக் கொண்டுவந்து பஞ்சாபின் கிராண்ட் டிரங்க் சாலையில் ஓட்டினார். அதில் ‘செனாப்’ என்ற வண்டி 1871-இல் இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோ போய்த் திரும்பியது.

கனத்த வண்டிக்குக் காற்று சரிப்படாது என்பதைக் கண்டுபிடிப்பாளரே ஒப்புக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது. 1895 பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்திலும் அதுதான் நடந்தது. மிஷ்லான் சகோதரர்கள் காற்று டயர் போட்ட காரில் வழி முழுக்கப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு நேரவரம்பைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். கார்த் தயாரிப்பாளர் லெவாசோர் காற்று இல்லாமல் 48 மணி 48 நிமிடத்தில் முடித்துவிட்டார். லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகள் 1920-களிலும் கெட்டி ரப்பரில்தான் ஓடின.

ஆரக்கால்

மெதுவாகப் போகும் கனத்த வண்டிக்குக் காற்று சரிப்படாது என்றால் நம்மூர் டயர் வண்டி எப்படி ஓடுகிறது? மாட்டின் நடைவேகம், டன் கணக்கில் கரும்பு, வயல் வரப்புச் சாலை. மரச்சக்கர வண்டியில் ஏற்றுவதைவிட அதிகமாக ஏற்றுகிறார்கள்.

கடையாணி

அதில் டயருக்கு மட்டும் மாலை போடாதீர்கள். மரச்சக்கரத்தில் குடத்துக்குள் இரும்புப் பூண் அச்சின் மேல் உரசிச் சுற்றும், வண்டி மை காய்ந்தால் கிறீச்சிடும். டயர் வண்டியில் எஃகு அச்சும் பேரிங்கும் சேர்ந்தே வருகின்றன. மிச்சத்தில் பேரிங்கின் பங்கு எவ்வளவு, டயரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் தாம்சனுக்குச் சாட்சி சொல்ல அதைக் கூப்பிட முடியாது.

ஆரக்கால்

பிரித்துப் பார்க்கலாமே. கெட்டித் தார்ச்சாலையில் மிச்சத்துக்குப் பேரிங்குக்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். உழுத மண்ணில் இரும்புப் பட்டை புதைந்து பள்ளம் வெட்டிக்கொண்டே போகும், மாடு அந்தப் பள்ளத்தின் சரிவில் ஏறிக்கொண்டே இருக்கும். அகலமான டயர் புதையாது. அங்கே பேரிங்கின் பங்கு மிகக் குறைவு.

வால்டியூப்

அந்த டயர் வண்டியும் பஞ்சர் கடை ஊருக்கு ஊர் வந்த பிறகுதான் ஓடுகிறது, கவனித்தீர்களா?

கடைசியாக வுட்ஸ் வால்வு. தாம்சனின் திருகு மூடியில் பம்பைக் கழற்றும் நேரத்தில் காற்றை மறிக்க ஒன்றும் கிடையாது. வுட்ஸ் செய்தது பக்கவாட்டில் துளையுள்ள ஒரு சிறு முளை, அதன் மேல் இறுக்கமான மெல்லிய ரப்பர்க் குழல். பம்பின் அழுத்தம் துளை வழியே குழலை விரித்து உள்ளே போகும். பம்பை எடுத்ததும் உள்ளே இருக்கும் காற்றே குழலைத் துளை மேல் அழுத்தி அடைத்துவிடும். நாம் வால் டியூப் என்று சைக்கிள் கடையில் கேட்டு வாங்குவது அந்தக் குழலைத்தான். காற்று இறங்கினால் பஞ்சர் பார்க்கும் முன் வால்வு வாயில் எச்சில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் முளையைக் கழற்றிப் பழைய குழலை உருவிவிட்டு, புதியதை ஈரப்படுத்தித் துளையைத் தாண்டி முழுசாக ஏற்றுங்கள். துளை வரை மட்டும் ஏற்றினால் அடிக்கும்போது நிற்கும், இரவுக்குள் இறங்கிவிடும்.