கடென்சா முடிந்ததும் கையை இறக்கிவிட்டார்

ஈஸ்ட்ஹாமிலிருந்து:
மூன்று வாரமாக மனதை விட்டுப் போகவில்லை, எழுதிவிடுகிறேன். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், நின்று கேட்கிற கூட்டத்தில் நான்காவது வரிசை. பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வயலினுக்கும் பெரிய இசைக்குழுவுக்குமாக எழுதிய படைப்பு. டிம்பனி என்ற பெருமுரசு ஐந்து தட்டு தட்டிய பிறகு மூன்று நிமிடத்துக்கு மேல் சோலோ வயலினுக்கு வேலையே இல்லை, தெரியும்தானே? அதை வாசிக்க வந்த பெண் கண்ணை மூடி நின்றார். கோலசைத்துக் குழுவை வழிநடத்தும் நடத்துநர், வெளியிலிருந்து வந்த விருந்தினர். குழு நின்றுவிட, சோலோ வயலின் மட்டும் தனியே வாசிக்கும் இடம்தான் கடென்சா; அன்று வாசித்தது வயலின் கலைஞர் கிரைஸ்லர் எழுதியது. அது முடிந்து இரண்டாவது மெட்டு கீழ்க்கம்பிகளில் மெல்ல எழும் இடம் வந்தபோது, நடத்துநர் கோலோடு கையைத் தொடைப்பக்கம் இறக்கிவிட்டார். சைகையே இல்லை. அந்தப் பெண் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்த மூச்சை வைத்தே குழுவின் கம்பி வாத்தியக்காரர்கள் மொத்தப் பேரும் கம்பியைச் சுண்டினார்கள்.

சிங்கப்பூரிலிருந்து:
எனக்கு இங்கே எஸ்பிளனேட் அரங்கில் சிபேலியஸின் வயலின் கான்செர்ட்டோ. மூன்றாம் பகுதியில் சோலோ வாசித்தவரின் ‘ஈ’ (E) கம்பி, மிக மெல்லிய கம்பி, அறுந்தது. விருந்தினராக வந்த நடத்துநர் நிறுத்தவே இல்லை. கான்செர்ட் மாஸ்டர், குழுவின் முதல் வயலின்காரர், தன் வயலினை நீட்டினார். வாங்கியவர் தாடைத் தாங்கியின் உயரம் ஒத்துவராமல் கழுத்தை ஒருமுறை அசைத்தார், அவ்வளவுதான், தொடர்ந்துவிட்டார். 1986இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசைவிழாவில் வயலின் கலைஞர் மிடோரிக்கு இரண்டு முறை அறுந்தது. பெர்ன்ஸ்டைன் தானே இயற்றித் தானே நடத்திய படைப்பு அது, மிடோரிக்கு வயது 14. எஸ்பிளனேடில் என் கண்ணில் நிற்பது கான்செர்ட் மாஸ்டரின் வெறுங்கைகள். மடியில் வைத்தபடி, தன் வயலின் இன்னொருவர் கையில் பாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொராண்டோவிலிருந்து:
ஈஸ்ட்ஹாம் நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. அமெச்சூர் குழுவில் வியோலா, வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம், வாசிக்கிறேன். அதே இடத்தில் எங்கள் விருந்தினரும் கையை இறக்கினார். எங்கள் வரிசையில் பாதிப் பேர் அரைத் தட்டு பிந்தினோம். ஓரிரு ஒத்திகையில் அந்த நம்பிக்கை வராது. கோல் இருப்பது அதற்குத்தான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பல அரங்குகளில் குழுவுக்குப் பின்னால் பாடகர்களுக்கான இருக்கைகள் உண்டு. பாடகர்கள் இல்லாத நாளில் அந்த டிக்கெட்டை வாங்குங்கள். விலை பெரும்பாலும் குறைவு, நடத்துநரின் முகமும் தெரியும். சோலோ வயலின் ஒலி எதிர்ப்பக்கம் போய்விடும் என்பதால் கான்செர்ட்டோவுக்கு மட்டும் அங்கே உட்காராதீர்கள். பகுதிகளுக்கு நடுவே கைதட்டாதீர்கள். மெண்டல்சன் தன் வயலின் கான்செர்ட்டோவில் இதற்கென்றே முதல் பகுதி முடிவில் பசூன் என்ற ஊதுகருவியை ஒரே சுரத்தை நீட்டி ஊதவைத்து அடுத்ததோடு இணைத்திருக்கிறார். அந்தச் சுரம் காதில் விழுகிறதா என்று பாருங்கள். இருமல் மருந்தின் தாளை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:
முதல் பகுதி முடிந்ததும் தட்டினால் என்ன குற்றம்? பீத்தோவன் காலத்தில் தட்டத்தான் செய்தார்கள். 1806இல் வியன்னாவில் பீத்தோவனின் இந்த வயலின் கான்செர்ட்டோவை முதலில் வாசித்தவர் வயலின் கலைஞர் கிளெமென்ட். அந்த அரங்கில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து:
பிந்தும் ஆபத்து உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று ஒருவர்கூடப் பிந்தவில்லை. வானொலிப் பதிவை நான்கு தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். சுண்டிய சத்தம் தெளிவாக இருக்கிறது. அந்த மூச்சுதான் பதிவில் இல்லை.