நீத்துப்பெட்டி திருகோணமலையில் இன்னும் எங்கேயாவது கிடைக்குமா?

உப்புவெளி மகள் கேட்டது:

வணக்கம். கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம். கேள்வி மட்டும் போதும் என்பவர்கள் தலைப்போடு நின்றுகொள்ளலாம்.

அம்மாவுக்கு 78 வயது. பல் இல்லை, சீனி வருத்தம் இருக்கிறது, இரவுக்குப் பிட்டுத்தான். நான் அலுமினியக் குழலில் அவித்துக் கொடுக்கிறேன். ஒரு பிடி தின்றுவிட்டு, "இது குழல் பிட்டு" என்று கோப்பையைத் தள்ளிவிடுவார். குழலில் அவித்தால் குழல் பிட்டுத்தானே வரும் என்று நானும் சண்டை பிடித்துப் பார்த்தேன். போன கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு வேண்டியது நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு. இருபது வருடமாக வேண்டியிருந்ததாம். யாரும் கேட்கவில்லையாம், அதனால் சொல்லவில்லையாம்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பனையோலையில் கூம்பாக இழைத்த பெட்டி அது. அரைப் பானை தண்ணீர் கொதிக்க, பெட்டியின் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி பானை வாயில் இறக்கி, ஆவி வெளியே போகாமல் இடுக்கில் ஈரத்துணியைச் சுற்றிவிடுவோம். உள்ளே குழைத்த மா, தேங்காய்ப்பூ. மேலே ஒரு மூடி. அவ்வளவுதான்.

எங்கள் குசினியில் மூன்று இருந்தன. அடுப்புக்கு மேலே பறணில் தொங்கும், புகை பட்டுப் பட்டுத் தேன் நிறமாகிவிடும். பெரியது ஆட்கள் வரும் நாளுக்கு. நடுவிலானது வீட்டுக்கு. சின்னது எனக்கு என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது விரதத்துக்கு. மீன், இறைச்சி பட்ட பானைக்குப் பக்கத்திலும் அதை வைக்க விடமாட்டார்.

மூதூர் லோஞ்சில் வந்து இறங்கும் ஓர் ஆச்சியிடம்தான் வாங்குவோம். தலையில் கடகம், கடகத்துக்குள் சுளகுகள், அதன் மேல் நீத்துப்பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகித் தொப்பி அடுக்கியதுபோல் நிற்கும். அம்மா காசு கொடுத்து நான் கண்டதில்லை. ஒரு பழஞ்சேலை, இரண்டு சுண்டு அரிசி, ஒரு தேத்தண்ணி, ஊர்க்கதை. ஆச்சி எழும்பிப் போக மத்தியானம் ஆகிவிடும்.

1990 ஆனியில் சண்டை தொடங்கியதும் ஓடினோம். அம்மா றங்குப்பெட்டிக்குள் காணி உறுதியையும் நாலு உடுப்பையும் திணித்தார். காதுத்தோட்டைக் கழற்றிச் சீலைத்துண்டில் முடிந்து, அந்தச் சின்ன நீத்துப்பெட்டிக்குள் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிட்டுப்பெட்டிக்குள் யார் நகை தேடப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. திரும்பி வந்தபோது பெரியதும் இல்லை, நடுவிலானதும் இல்லை. அவை தொங்கிய பறணும் இல்லை. சின்னது மட்டும் மிஞ்சி, விரதம் எல்லாம் மறந்து, மீன்குழம்பு காலத்துக்கும் உழைத்தது. அதைக் கடல் கொண்டுபோனது 2004 மார்கழி 26ஆம் திகதி. இடியப்ப உரல் நாலு வளவு தள்ளி ஒரு வேலியில் தலைகீழாகச் சொருகிக் கிடந்தது, எடுத்து வந்தோம். நீத்துப்பெட்டி பாரமில்லாத சாமான். அது மிதந்து எங்கே போனதோ.

பழைய சாமான் எல்லாவற்றுக்கும் அழுகிற ஆள் இல்லை நான். சேவல் பிடி வைத்த கரி அயன் பெட்டி ஒழிந்தது பெரிய நிம்மதி. சிரட்டைக்கரிப் பொறி விழுந்து என் பள்ளிக்கூடச் சட்டையில் விழுந்த ஓட்டையை ஒரு தவணை முழுக்கக் கையால் மறைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மியும் போகட்டும், என் தோள் நல்லா இருக்கிறது. ஆனால் இந்த நீத்துப்பெட்டி வேண்டும்.

மத்திய வீதியில் மூன்று கடை ஏறி இறங்கியாகிவிட்டது. ஒரு பெடியன் பனையோலை விசிறியை எடுத்துக் காட்டினான். இன்னொருவர் எவர்சில்வரில் ஓட்டை போட்ட கூம்பு ஒன்றைக் காட்டி, "இதுதான் அக்கா இப்ப எல்லாரும் கொண்டுபோகினம்" என்றார். வேறு யாருக்காவது தெரியுமா?

தம்பலகாமத்தான்:

முதலில் ஒரு திருத்தம். நீற்றுப்பெட்டி என்று எழுதுபவர்களும் உண்டு. எங்கள் தமிழ் வாத்தியார் இருந்திருந்தால் உங்கள் தலைப்பைச் சிவப்பு மையால் சுழித்திருப்பார். வாயில் நீத்துப்பெட்டிதான் வரும் என்பதால் மன்னிக்கிறேன்.

எங்கள் வீட்டில் அது இருந்ததில்லை. எங்களுக்கு மூங்கில் குழல். கணுவுக்குக் கீழே வெட்டி, வெடிக்காமல் இருக்கக் கயிற்றை இறுக்கிச் சுற்றியிருக்கும். அதில் அவித்தாலும் வாசம் வரும், உலோகத்தில்தான் வராது. அம்மாவுக்கு அதையும் ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

நீங்கள் சுண்டு என்றதும் எனக்கு வேறு ஞாபகம். நாலு சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். எங்கள் அப்பு நெல் அளக்கும்போது முதல் கொத்துக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று. அந்த மரக்கொத்து வாசலில் கவிழ்ந்து கிடக்கும், நான் அதில் ஏறி நின்றுதான் மாடத்து விளக்கை ஏற்றுவேன். இப்போது மெஷின் வெட்டுகிறது, மூடை தராசில் ஏறுகிறது, கிலோக் கணக்கு. என் மகனிடம் கொத்து என்றால் கொத்துரொட்டியா என்கிறான்.

கடை எதுவும் தெரியாது. உதவாத பதிலுக்கு மன்னிக்கவும்.

பாதைக்காரன், கிண்ணியா:

அக்கா, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முதல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் பதில் கிடைத்திருக்கும். அதற்கு முன்னால் நாங்கள் பாதையில்தானே கடப்போம். இளம் பிள்ளைகள் பாதை என்றால் ரோட்டு என்று நினைப்பார்கள். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி மிதக்கிற பாதை. அது இந்தக் கரைக்கு வரும்வரை நிற்கிற நேரத்தில் ஒரு சந்தையே நடந்து முடியும். தயிர் முட்டி, பன்பாய், ஓலைப்பெட்டி, கருவாடு எல்லாம் காலுக்குள்ளே கிடக்கும். பாலம் வந்து நோயாளிகளுக்குப் பெரிய உதவி. என் உம்மாவையே ராவோடு ராவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாலம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் காத்து நிற்கிற வேலை இல்லாமல் போனதும் காலடியில் வைத்து விற்றவர்களும் இல்லாமல் போனார்கள்.

உம்மா பன்பாய் இழைப்பா. குளத்தில் பன் வெட்டிக் காயவைத்துச் சாயம் போடும் நாளில் வாசல் முழுக்கச் சிவப்பும் பச்சையும். கலியாணப் பாய் ஒன்று இன்னும் சுருட்டின சுருட்டில் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. யாரும் படுப்பதில்லை. எல்லோருக்கும் மெத்தை, எல்லோருக்கும் முதுகு நோவு.

ஓலைச் சாமான் எல்லாம் மூதூர்ப் பக்கமிருந்துதான் வந்தது. உங்கள் ஆச்சியும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும். பனை இருக்கிற ஊரில் தேடுங்கள், டவுன் கடையில் தேடாதீர்கள்.

ஸ்காபரோ சிவா:

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது. வரவேற்பறையில் உள்ளே ஒரு சின்ன பல்ப் பூட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், வெள்ளைக்காரர்கள் வந்தால் கட்டாயம் கேட்பார்கள். பிட்டு எவர்சில்வரில்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு ருசியில் வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்கு வயதுபோன நேரத்தில் வாய் மாறியிருக்கலாம்.

உப்புவெளி மகள்:

சிவா அண்ணா, ஒருநாள் பல்பைக் கழற்றிவிட்டு மாவைப் போட்டுப் பாருங்கள், பிறகு வாயைப் பற்றிப் பேசலாம். உலோகத்தில் ஆவி பட்டு வேர்த்து, அந்தத் தண்ணீர் திரும்ப மாவுக்குள்தான் இறங்குகிறது. ஓரம் களியாகிவிடும், நடு உதிரும். ஓலை அந்த ஈரத்தைக் குடித்துவிடும். அம்மா சும்மா முறைப்பாடு வைக்கிற ஆள் இல்லை.

தம்பலகாமத்து அண்ணா, "லாபம்" என்று எண்ணுவதை எத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன்! எங்கள் வீட்டில் இன்னும் ரின்பால் பேணிதான் சுண்டு. கிலோவில் சொன்னால் அம்மா உலை வைக்கமாட்டார்.

சம்பூர்ப் பிள்ளை:

அக்கா, எங்கள் அம்மா இழைப்பா. நேராக விஷயத்துக்கு வருகிறேன், பிறகு நானும் கொஞ்சம் கதைக்கிறேன்.

கடையில் கிடைக்காது, ஏனென்றால் கடைக்காரன் ஒன்று வாங்கி வைத்தால் ஆறு மாதம் கிடந்து பூச்சி அடிக்கும். சொன்னால்தான் இழைப்பார்கள். குருத்தோலை வெட்ட ஆள் வேண்டும், மரம் ஏறுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள், அதுதான் பெரிய பாடு. ஓலை வந்துவிட்டால் காயவைத்து வார்ந்து இழைக்க மூன்று நாலு நாள். அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஆனால் பெட்டிக்குக் கண் தேவையில்லை, விரல் பார்க்கும் என்று சொல்லுவா.

நாங்கள் 2006இல் ஊரைவிட்டு ஓடினோம். மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். காணி திரும்பக் கிடைத்தது 2015க்குப் பிறகு. போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடம் எது, கிணறு இருந்த இடம் எது என்று தெரியவில்லை. பற்றைக்குள் ஆட்டுக்கல் மட்டும் கிடந்தது. குழவி இல்லை. அதை வைத்துத்தான் அம்மா, "இது குசினி, அப்ப அது விறாந்தை, அப்ப மாமரம் இங்க" என்று கையால் காட்டிக் காட்டி வீட்டைக் கட்டினா. புதுக் குசினிக்கும் அந்தக் கல் இருந்த இடத்தில்தான் மூலை பிடித்தோம். அதில் இப்போது கோழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். மிக்ஸி இருக்கிறதே.

முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்த நாட்களிலும் அம்மா கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஓலை இல்லை. நிவாரணச் சாமான் கட்டி வந்த பிளாஸ்டிக் நாடாவை வார்ந்து பெட்டி இழைத்தா. மஞ்சள் நிறத்தில் ஒன்று இன்னும் வெங்காயம் போட வைத்திருக்கிறோம். அதில் பிட்டு அவிக்க முடியாது என்பதுதான் அப்போது அவவுக்குக் கவலை.

ஒரு பெட்டி போதுமா, மூன்றும் வேண்டுமா? தனிச்செய்தியில் சொல்லுங்கள். வந்ததும் அப்படியே மாவைப் போட்டுவிடாதீர்கள். முதலில் தண்ணீரில் ஊறவைத்து, வெறும் பெட்டியை இரண்டு தரம் ஆவியில் வைத்து எடுங்கள், பச்சை ஓலை வாசம் போகும். ஒவ்வொரு தடவையும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காஸ் அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள், ஒருவர் அப்படிச் செய்து பெட்டியையும் திரையையும் சேர்த்து எரித்தார்.

உப்புவெளி மகள்:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும்.

சம்பூருக்கு நானே போனேன். தங்கச்சி தபாலில் அனுப்புகிறேன் என்றுதான் சொன்னார், எனக்கு அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எங்கள் அம்மாவும் வருவேன் என்று நின்றார், பஸ் பயணம் ஒத்துவராது என்று விட்டுவிட்டுப் போனேன், அதற்கு இரண்டு நாள் பேச்சு நிறுத்தம். அந்த அம்மா முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் லோஞ்சில் வந்த ஆச்சியின் கதையைச் சொன்னேன். ஆச்சி எந்தக் காதில் தோடு போட்டிருந்தார், இரண்டு காதிலுமா என்று கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை. இழைப்பின் விளிம்பை எப்படி மடித்திருந்தார் என்று கேட்டார். அது ஞாபகம் இருந்தது, இரட்டையாக மடித்து உள்ளே சொருகியிருக்கும். "அப்ப கட்டைபறிச்சான் பக்கம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். காசு வாங்க மறுத்தார். பாதைக்காரத் தம்பி சொன்னதை நினைத்து வழியில் எருமைத் தயிர் வாங்கிப் போயிருந்தேன், அதைக் கொடுத்தேன். திரும்பி வரும்போது ஒரு முட்டி நல்லெண்ணெயோடு அனுப்பினார். கணக்குப் பார்த்தால் நான்தான் கடன்.

மூன்று பெட்டி. ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

அம்மா முதலில் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கவிழ்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, கூர்ப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார். சின்னதைத் தனியே எடுத்துத் தன் கட்டிலடியில் வைத்துக்கொண்டார். விரதத்துக்கா என்று கேட்டேன். பதில் இல்லை.

நடுவிலானதில் அவித்தேன். அரிசிமாவை வறுத்து, தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடவே போட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி. துணியைச் சுற்றத் தெரியாமல் முதல் ஈடு பாதி மாவாகவே இருந்தது. அம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்து துணியைப் பிடுங்கித் தானே சுற்றினார். இரண்டாவது ஈட்டைக் கோப்பையில் கொட்டியதும் கூம்பாகவே நின்றது, பிறகு மெதுவாக உதிர்ந்தது. ஒரு கோப்பை முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"எப்படி அம்மா?"

"ஓலை வாசம் இன்னும் போகேல்லை. நாலு நாள் அவிச்சாச் சரியாகும்."

சரி, இன்றைக்கு அஞ்சாவது நாள். இன்னொரு கேள்வி, தனித் தலைப்புப் போடவா, இங்கேயே கேட்கவா தெரியவில்லை. அரிக்கன் லாம்பு எங்களிடம் இருக்கிறது, சிமினிதான் உடைந்துவிட்டது. யாரிடமாவது உபரியாகக் கிடக்கிறதா? அம்மா இதை நேற்றே வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.